பிரெஞ்சு தெரியாத பெற்றோர் வீட்டுக்கல்விப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரெஞ்சு படிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: 7 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறீர்கள். உங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் படித்து, அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும். ஒரே நிபந்தனை: உச்சரிப்புக்கு நீங்கள் முன்மாதிரியாக இருக்கக் கூடாது. இலக்கணத்தை ஒரு பாடம் முன்னால் படித்துவிட்டு விளக்கலாம், தினமும் உட்கார வைக்கலாம், கூடப் பேசலாம். ஆனால் ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்பதைப் பிள்ளைகள் ஆடியோவிலிருந்தோ பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடமிருந்தோதான் கேட்க வேண்டும். பிள்ளைகள் காது கூர்மையானது. நீங்கள் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு அதை மாற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடச் சிரமம்.

முதலில் நேரக் கணக்கு. பிள்ளைகளோடு வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 25 நிமிடம். அதாவது வாரம் 100 நிமிடம், வருடத்தில் 40 வாரம் ஓடினால் ஏறக்குறைய 66 மணி நேரம். நீங்கள் மட்டும் இரவில் 5 நாள், 30 நிமிடம் தனியாகப் படித்தால் அது இன்னொரு 100 மணி நேரம். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் முதல் படியான ஏ1-க்கு, பெரியவர்கள் வகுப்புகளில் சுமார் 100 மணி நேரத்தை ஒட்டித்தான் ஒதுக்குகிறார்கள். ஆகவே முதல் வருடத்துக்குள் நீங்கள் ஏ1-ஐத் தாண்டியிருப்பீர்கள், பிள்ளைகள் அதில் பாதி வழியில் இருப்பார்கள். இந்த இடைவெளி உங்களுக்கு வேண்டியதுதான். அதைக் குறைக்கிறேன் என்று பிள்ளைகளை விரட்ட வேண்டாம். ஒரு மணி நேர வகுப்பாக வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 7 வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது. ஆறு நாள் இடைவெளியில் பாதிக்கு மேல் மறந்துபோகும்.

ஒலிகளுக்கு வருவோம், வேலை அதிகம் இங்கேதான். தமிழ் வாய்க்குப் பிரெஞ்சில் சில விஷயம் இலவசமாகக் கிடைக்கிறது, சில விஷயம் இடிக்கிறது.

இலவசமாகக் கிடைப்பது மூக்கொலி உயிர்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில்தான் திணறுவார்கள். நமக்கு அவை தினப் பேச்சிலேயே இருக்கின்றன. 'பணம்' என்பதைப் பேச்சில் யாரும் உதடு மூடி 'ம்' போட்டு முடிப்பதில்லை. 'பணோ' என்று மூக்கில் இழுத்து விடுகிறோம். அந்தக் கடைசி ஒலி பிரெஞ்சு 'போன்' (நல்ல) என்ற சொல்லின் உயிருக்கு மிக நெருக்கம். 'வந்தான்' என்பதன் கடைசி ஒலி 'ஆன்' வகைக்கும், 'வந்தேன்' என்பதன் கடைசி ஒலி 'வேன்' (திராட்சை மது) என்பதில் வரும் வகைக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். பிள்ளைகளை இந்த மூன்று தமிழ்ச் சொல்லையும் வேகமாகப் பேசச் சொல்லிவிட்டு, நாக்கு மேலே போய் ஒட்டவில்லை என்பதைக் கவனிக்கவைத்து, பிறகு ஆடியோவைப் போடுங்கள்.

இரண்டாவது வசதி, 'த'. ஆங்கிலத்தின் 'டி' எழுத்தை 'ட' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பிரெஞ்சில் அதே எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடும், அதாவது நம்முடைய 'த'. மேசை 'தாப்ல்', 'டாப்ல்' அல்ல. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் உச்சரிப்பு பாதி பிரெஞ்சாகிவிடும்.

இடிப்பது ப/ப, த/த, க/க. இரண்டு முறை ஒரே எழுத்தைப் போட்டதிலேயே சிக்கல் புரிந்திருக்கும். நமக்கு ஓர் எழுத்துத்தான், பிரெஞ்சுக்கு இரண்டு ஒலி. வாயால் முடியாது என்பதில்லை. 'பம்பரம்' என்பதில் முதல் 'ப' ஒலிப்பில்லாதது, 'ம்' அடுத்து வரும் 'ப' ஒலிப்புள்ளது. 'தந்தை', 'கங்கு' இரண்டும் இதே மாதிரி. தமிழில் இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது, பிரெஞ்சில் எந்த ஒலியும் எந்த இடத்திலும் வரும். தொண்டையில் விரல் வைத்து, பம்பரத்தின் இரண்டாவது 'ப'வில் அதிர்வதையும் முதலாவதில் அதிராததையும் காட்டுங்கள். அதோடு 'ஸ'வும், தொண்டை அதிரும் 'ஸ'வும் (ஆங்கிலத்தில் 'ஜூ' என்ற மிருகக்காட்சிசாலையின் முதல் ஒலி) வேறு வேறு. மீன், பானம், விஷம் என்ற மூன்றுக்கும் பிரெஞ்சில் தனித்தனிச் சொல். தமிழில் எழுதினால் மூன்றுமே 'புவாஸோன்' தான்! மீனும் பானமும் முதல் எழுத்தில் வேறுபடுகின்றன, மீனும் விஷமும் நடுவிலுள்ள 'ஸ'வில். ஹோட்டலில் மீன் கேட்கும் விளையாட்டாக வைத்தால் பிள்ளைகள் இந்த மூன்றையும் மறக்கவே மாட்டார்கள்.

இதனால்தான் ஒரு விதி: பிரெஞ்சுச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் நோட்டில் எழுதிவைக்காதீர்கள். இந்தப் பதிலில் தமிழில் எழுதியிருப்பது எந்தச் சொல் என்று அடையாளம் காட்ட மட்டும். பாண்டிச்சேரிப் பக்கமும் மொழிபெயர்ப்புகளிலும் 'ழாக்', 'ழான்' என்று 'ழ' போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி நாக்கை மடித்தால் கதை கெட்டது. அந்த ஒலிக்கு 'ஷ' சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட வேண்டும்.

அடுத்து, நம்மிடம் இல்லவே இல்லாத உயிர். 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருவதுதான் 'நீ' என்று பொருள்படும் 'த்யூ'வின் உயிர். கண்ணாடி முன்னால் செய்தால் சீக்கிரம் வரும். இதைப் போலவே 'ஏ' சொல்லிக்கொண்டு உதட்டைக் குவித்தால் இரண்டு என்ற எண்ணின் உயிர் வரும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிரெஞ்சில் 2 மணி என்பதற்கும் 12 மணி என்பதற்கும் இந்த ஓர் உயிர்தான் வித்தியாசம். மற்றதெல்லாம் ஒன்றே. 12-இல் வருவது நம் சாதாரண 'ஊ'. கேட்கும் தேர்வில் நேரம் குறிக்கச் சொன்னால் மதிப்பெண் போவது இங்கேதான்.

தொண்டையில் உருளும் 'ர' பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். வாய் கொப்பளிக்கும் இடத்தில் லேசாக உரச வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வந்துவிடும். உங்களுக்கு வரவில்லையென்றால் நம் 'ர'வையே போடுங்கள், எவருக்கும் புரியும். அந்த நேரத்தை உயிர்களுக்குக் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் புத்தகமே வேண்டாம். வணக்கம், பெயர், 1 முதல் 10 வரை, மேலே சொன்ன ஒலிகள். மூன்றாம் வாரத்திலிருந்து 25 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் பழைய அட்டைகள். அடுத்த 8 நிமிடம் ஒரு சின்ன ஆடியோ, 30 நொடிக்கு மேல் போகாதது: முதல் தடவை புத்தகம் மூடியிருக்க, இரண்டாம் தடவை எழுத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றாம் தடவை ஆடியோவோடு சேர்ந்து வாய்விட்டு. வரிசையை மாற்றி எழுத்தை முதலில் காட்டினால், பிள்ளை ஆங்கில முறையில் வாசித்துவிடும், கடைசியில் உள்ள ஊமை எழுத்தையெல்லாம் உச்சரிக்கும், பிறகு காதில் விழுவதையும் அப்படியே கேட்கும். அடுத்த 7 நிமிடம் அதே சொற்களை வைத்துப் பேச்சு அல்லது விளையாட்டு. மீதி 5 நிமிடம் 10 வயதுப் பிள்ளைக்கு எழுத்து, 7 வயதுப் பிள்ளைக்குப் படம் வரைந்து சொல்வது. சின்னதுக்கு முதல் மூன்று மாதம் பிரெஞ்சு எழுத்து வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டலே இன்னும் படியாத வயதில் இரண்டும் குழம்பும்.

அட்டைகளுக்கு மூன்று டப்பா போதும். புதியதும் தப்பியதும் முதல் டப்பாவில், தினமும். சரியாகச் சொன்னது இரண்டாவதுக்குப் போகும், வாரம் இரண்டு முறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எந்த டப்பாவில் தப்பினாலும் முதலாவதுக்குத் திரும்பும். வாரத்துக்குச் சின்னப் பிள்ளைக்கு 8 புதிய அட்டை, பெரியவனுக்கு 15. ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். தமிழ்ச் சொல் வேண்டாம்.

அட்டையில் பெயர்ச்சொல் தனியாக நிற்கக் கூடாது. தமிழில் உயர்திணைக்கு மட்டும்தான் ஆண்பால் பெண்பால். பிரெஞ்சில் மேசையும் நாற்காலியும் சன்னலும் பெண்பால், புத்தகமும் கட்டிலும் ஆண்பால். காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. 'ஒரு' என்ற பொருளில் வரும் 'அன்' ஆண்பாலுக்கு, 'யூன்' பெண்பாலுக்கு. அந்தச் சொல்லோடு சேர்த்தே எழுதி, ஆண்பால் அட்டைக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்று ஓரம் தீட்டுங்கள். புத்தகங்கள் பல 'ல', 'லா' (ஆங்கில 'தி' போன்றவை) என்று கொடுக்கும். அதை மனப்பாடம் செய்தால், உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன் இரண்டும் சுருங்கி ஒன்றாகிவிடுவதால் பால் தெரியாமல் போகும். 'அன்', 'யூன்' எழுத்தில் சுருங்குவதில்லை.

பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது மாதத்தில் ஆர்வம் படுத்துவிடுகிறது. நிறம், பழம், விலங்கு, உடை என்று 150 பெயர்ச்சொல் சேர்ந்திருக்கும், ஆனால் ஒரு வாக்கியம் பேச முடியாது. அதற்கு மருந்து, முதல் மாதத்திலேயே ஆறு வாக்கியத் தலைகளைக் கொடுத்துவிடுவது: 'இல் யா' (இருக்கு), 'செ' (இது), 'ஊ எ' (எங்கே இருக்கு), 'ழ வூத்ரே' (எனக்கு வேண்டும்), 'ழ ப' (நான் செய்யலாமா), 'இல் ஃபோ' (செய்யணும்). எந்தப் புதிய சொல் வந்தாலும் இவற்றில் இரண்டிலாவது போட்டுப் பேசிய பிறகுதான் அட்டை டப்பாவுக்குள் போக வேண்டும்.

பேச ஓர் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். 'வீடு முழுக்க இனிமேல் பிரெஞ்சு' என்று அறிவித்தால் இரண்டு நாளில் கைவிடுவீர்கள். இரவில் தட்டு வைப்பதிலிருந்து முதல் தோசை விழும்வரை மட்டும் என்று வைத்துக்கொண்டால் நிற்கும். பத்து வாக்கியம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். தோசைக்கல் பக்கத்தில் நீங்கள் 'ஆன்கோர் யூன்?' (இன்னொன்று?) என்று கேட்கிறீர்கள். 'வுயி, சில் த ப்லே' என்று பிள்ளை. 'இல் யா த்யூ சட்னி?' என்று பெரியது கேட்க, 'நோன், இல்யா ப்ல்யூ த சட்னி' (தீர்ந்துபோச்சு) என்கிறீர்கள். இந்த நான்கு வரியில் ஏ1-இல் மாணவர்கள் முட்டிக்கொள்ளும் ஓர் இலக்கணம் இருக்கிறது: 'கொஞ்சம்' என்ற பொருளில் ஆண்பாலுக்கு 'த்யூ' ('நீ' அல்ல, இதில் 'த' தொண்டை அதிரும்), இல்லை என்று வந்தால் அது 'த' என்று குறைந்துவிடும். விதியாகச் சொன்னால் குழம்பும். நாலு வாரம் சட்னி கேட்ட பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்.

பொருள் விளக்கும்போது ஆங்கிலத்துக்குப் போகாமல் தமிழுக்குப் போங்கள். பிரெஞ்சில் பசி, தாகம், பயம், வயது எல்லாம் 'இருத்தல்' வினையில் வராது, 'உடைமை' வினையில் வரும். ஆங்கிலம் வழி வந்தவர்கள் 'நான் ஏழு' என்ற அமைப்பில் 'ழ சுயி செத்' என்பார்கள், தப்பு. 'எனக்கு ஏழு வயசு', 'எனக்குப் பசிக்குது' என்பதை நினைத்துக்கொண்டால் 'எனக்கு' என்பதற்குப் பதிலாக 'ழே' என்று தொடங்கினால் போதும். ஒரு சின்ன எச்சரிக்கை: 'எனக்கு ஏழு வயது' என்பது பிரெஞ்சில் 'ழே செத்தான்' என்றே காதில் விழும். சிரித்து முடிக்கட்டும், அதற்கு மேல் மறக்காது. தாத்தா பாட்டி முன்னால் சொல்லும்போது மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருப்பதால் 'த்யூ', 'வூ' நமக்குப் புதிதல்ல. ஆனால் எல்லை வேறு. பிரெஞ்சுக் குடும்பங்களில் பொதுவாக அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் 'த்யூ' தான். 'வூ' ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் முன்பின் தெரியாதவருக்கும். உங்களைப் பிள்ளைகள் பிரெஞ்சில் 'த்யூ' என்றால் மரியாதைக் குறைவில்லை. 'வூ' என்று பழக்கினால்தான் தேர்வாளர் காதில் விநோதமாகப் படும்.

எண்களில் 60 வரை சிக்கலில்லை. 70 என்பது அறுபத்துப்பத்து, 80 நான்கு இருபது, 90 நான்கு இருபது பத்து. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் தனிச் சொல் உண்டு, தேர்வுக்குப் பிரான்ஸ் வழக்கே போதும். பிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள், அதனால் 70 முதல் 99 வரை தப்பிக்க முடியாது. வீட்டு விளையாட்டாகத் தினம் ஒரு எண்ணைச் சொல்லி எழுதவையுங்கள்.

ஆறு மாதம் கழித்து, பெரிய பிள்ளைக்கும் உங்களுக்கும் வாரம் ஒரு முறை டிக்டேஷன். பிரான்ஸில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் செய்வது, காரணத்தோடுதான். 'பிள்ளைகள் ஓர் ஆப்பிள் சாப்பிடுகிறார்கள்' என்பது 'லேஸாஃபான் மான்ழ் யூன் பொம்'. 'பிள்ளை ஓர் ஆப்பிள் சாப்பிடுகிறது' என்பது 'லாஃபான் மான்ழ் யூன் பொம்'. வினை இரண்டிலும் ஒரே ஒலி, எழுத்தில் மட்டும் பன்மைக்குக் கடைசியில் 'இ, என், டி' என்று மூன்று எழுத்து. பன்மை என்று காதுக்குச் சொல்வது தொடக்கத்தில் வரும் அந்த 'லேஸ்' மட்டும்தான். அதைப் பிடித்து, வினைவரைக்கும் நினைவில் வைத்திருந்து எழுத வேண்டும். ஆடியோவிலிருந்து மூன்று முறை போடுங்கள். நீங்களும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். பிறகு நோட்டை மாற்றிக்கொண்டு பிள்ளை உங்களுடையதைப் பச்சைப் பேனாவில் திருத்தட்டும். உங்கள் தப்பைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் வேறெப்படியும் பார்க்காத கவனத்தோடு பார்ப்பார்கள். உச்சரிப்புக் குறிகளை அலங்காரமாக விடாதீர்கள், 'அல்லது' என்பதற்கும் 'எங்கே' என்பதற்கும் எழுத்தில் ஒரு குறிதான் வேறுபாடு. போனில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரும்.

இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியது முந்திக்கொண்டு பதில் சொல்லும், சின்னது வாயைத் திறக்காது. கேள்வி கேட்கும் வேலையைப் பெரியதுக்கும் பதில் சொல்லும் வேலையைச் சின்னதுக்கும் நிரந்தரமாகக் கொடுங்கள். பிரெஞ்சில் கேள்வி அமைப்பதுதான் கடினம், ஆகவே பெரியதுக்கு இதில் நஷ்டமில்லை.

கேட்பதற்கு, பிரெஞ்சுத் தொலைக்காட்சியான டிவி5மோந்த் நடத்தும் கற்றல் தளம் இலவசம், ஏ1 முதல் பி2 வரை படி பிரித்து வைத்திருக்கிறது. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி 10 நிமிடம். பெயரில் 'எளிய' என்றிருப்பதை நம்பி முதல் மாதமே போட்டு மனமுடைந்துபோகாதீர்கள், அது பி1-ஐ ஒட்டியவர்களுக்கு. ஒற்றைச் சொல்லின் ஒலிக்கு ஃபோர்வோ தளத்தில் அந்நாட்டவர் குரல்கள் கிடைக்கும். பயிற்சி ஆப்களை 10 நிமிடத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றையே பாடத்திட்டமாக ஆக்காதீர்கள். அவை தட்டச் சொல்லுமே தவிரப் பேசவைப்பது குறைவு.

ஆசிரியருக்குச் செலவழிக்க முடிந்தால், 15 நாளுக்கு ஒரு முறை 40 நிமிடம் போதும். பாடம் நடத்தச் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை. முதல் 10 நிமிடம் நீங்கள் மூவரும் பழகிய வாக்கியங்களைச் சொல்வது, அவர் உச்சரிப்பைத் திருத்துவது. அடுத்து ஒவ்வொருவரோடும் பேச்சு. கடைசியில், அடுத்த இரண்டு வாரத்துக்கான 12 வாக்கியத்தை அவர் குரலில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு வேண்டுமென்றால், பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் டெல்ஃப். தொடக்கப்பள்ளி வயதினருக்கான 'டெல்ஃப் ப்ரிம்' ஏ1.1 (ஏ1-க்கும் முந்திய படி), ஏ1, ஏ2 என மூன்று படியில் நடக்கிறது. 12 வயதுக்கு மேல் ஜூனியர். உங்களுக்குப் பெரியவர்களுக்கான ஏ1. அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, மொத்தம் 100-இல் 50 எடுக்க வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் வழியாக எழுதலாம். பள்ளியில் சேர்ந்திருக்கத் தேவையில்லை, அதனால் வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு வெளியே காட்ட ஒரு நல்ல ஆவணம். 10 வயதுப் பிள்ளை ஒன்றரை வருடத்தில் ஏ1.1 எழுதலாம், சின்னது இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும்.

பின்னால் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) வழியில் போகும் எண்ணம் இருந்தால், அதில் பிரெஞ்சு அயல்மொழிப் பாடத்தின் எண் 0520, அதிலும் இதே நான்கு திறன்தான். தனித்தேர்வராக எழுத மையம் தேடும்போது, எழுத்துத் தேர்வுக்குச் சம்மதிக்கும் பள்ளி பேச்சுத் தேர்வுக்கும் பிரெஞ்சுத் தேர்வாளரை வைத்திருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.